நோலீன் சம்பள உயர்வு கேட்ட வைபவம்

எங்கள் டன்வாரா வட்டாரத் தண்ணீர் வாரியத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பொது மேலாளர் டெஸ்மண்ட் ஹாலோரனைக்கூட 'டெஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். 'சார்' என்று சொன்னால் முகம் வாடிவிடும் அவருக்கு. கோடையில் அரைக்கால் சட்டையோடு வருவார். குழாய் தோண்டுகிறவர்களின் தோளில் கை போட்டுக்கொண்டு சனிக்கிழமை கால்பந்தைப் பற்றிப் பேசுவார். அவரிடம் யாரும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சம்பளத்தைத் தவிர.

அதையும் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பியவள் நோலீன் ட்ரான்டர். எனக்குப் பக்கத்து மேசை. நான் பில் பிரிவு, அவள் புகார்த் தொலைபேசி. குழாயில் தண்ணீர் பழுப்பாக வந்தாலும், வராமலே போனாலும், பக்கத்து வீட்டுக்காரன் புல்லுக்கு ராத்திரி திருட்டுத்தனமாகத் தண்ணீர் விட்டாலும் ஊர் அவளைத்தான் கூப்பிட்டுத் திட்டும். திட்டி முடித்துவிட்டு, "உன் நாய் எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்துவிட்டு வைத்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எங்கள் வாரியத்தின் மானம் அந்த ஒரு தொலைபேசியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சிட்னிக்காரர்களுக்கு எங்கள் கடற்கரை பிடித்துப்போனதிலிருந்து ஊரில் வாடகை நிற்கவில்லை. நோலீனுடைய வீட்டுக்காரனும் ஏற்றிவிட்டான்.

"வாரத்துக்கு நாப்பது டாலர் கூடக் கிடைச்சா சமாளிச்சிருவேன் டாரில்," என்றாள் என்னிடம். "இல்லன்னா உள்நாட்டுல டப்போவுக்குப் போக வேண்டியதுதான். அக்கா வீட்டுப் பின்னாடி ஒரு பழைய கேரவன் நிக்குது. கடல விட்டுட்டு அந்த வெயில்ல போய் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரணும். அவ கோழி வளக்குறா, நாய உள்ள விடமாட்டா."

"அப்ப உன் நாய் பட்டன எங்க விடுவ?"

"அதத்தான் நினைக்கப் பிடிக்கல."

"அப்ப கேட்டுரு."

"நீ கேட்டிருக்கியா?"

"எனக்கு என்ன பைத்தியமா?" என்றேன்.

எங்கள் தேநீர் அறையில் கெட்டிலுக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். சூரிய உதயப் படம், அதன்மேல் 'சம்பள உயர்வு கேட்கும் முன் சிந்திக்க வேண்டியவை'. மனிதர்கள் மற்றும் பண்பாட்டுப் பிரிவு தயாரித்தது. முன்பு அதற்குச் சம்பளப் பிரிவு என்று பெயர். சம்பளத்தை எடுத்துவிட்டு மனிதர்களையும் பண்பாட்டையும் வைத்துவிட்டார்கள்.

முதலில் சிந்திக்க வேண்டியது, இது சரியான நேரமா என்பது. வரவு செலவுத் திட்டம் போடும்போது கேட்கக்கூடாது, போட்டு முடித்த பிறகும் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள், அதைக் கெடுக்கக்கூடாது. கிறிஸ்துமஸுக்குப் பின் யாரும் மகிழ்ச்சியாக இருக்க மாட்டார்கள், அதை வளர்க்கக்கூடாது. மழை இல்லாத காலத்தில் வாரியத்திடம் விற்கத் தண்ணீர் இல்லை. மழைக் காலத்தில் உடைந்த குழாய்க்கே காசு போதாது. இதெல்லாம் போகக் குளிர்காலத்தில் ஒரு வாரம் மிஞ்சுகிறது. அந்த வாரம் டெஸ் பனிச்சறுக்குக்குப் போய்விடுவார்.

அந்த வருஷம் அவருக்கு முழங்காலில் அடிபட்டிருந்ததால் போகவில்லை. நோலீன் அந்த முழங்காலைத் தெய்வச் செயலாக எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

மனிதர்களுக்கும் பண்பாட்டுக்கும் தலைவி பிலிப்பா கார்ன்சி. இனிமையானவர். அவர் கண்ணில் எப்போதும் ஈரம் இருக்கும். ஒவ்வாமை என்று சொல்லிக்கொள்வார்கள்.

"சொல்லுங்க நோலீன், மனசத் தொறந்து சொல்லுங்க."

நோலீன் சொன்னாள். பிலிப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உங்க உணர்வ நாங்க முழுசாப் புரிஞ்சுக்கிறோம். நீங்க சொன்னது எங்களுக்கு ரொம்ப முக்கியம். உரிய நேரத்துல உரிய நடவடிக்கை எடுப்போம்," என்றார்.

கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்த நோலீனுக்குச் சட்டென்று பிடிபட்டது. பழுப்புத் தண்ணீர்க்காரர்களுக்குச் சொல்வதற்காக அவளே எழுதிக் கொடுத்த வாசகம் அது.

"நான் எழுதினதா அது?" என்றாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க," என்றார் பிலிப்பா மனசார. "எனக்கே எவ்வளவு உதவியா இருக்கு தெரியுமா? ஆனா ஒண்ணு நோலீன். நாங்க சம்பளம்னு சொல்றதில்ல, பாராட்டுப் பயணம்னு சொல்றோம். பயணத்துல போய்ச் சேர்றது முக்கியமில்ல. பணம் மனுஷங்களுக்கு சந்தோஷம் குடுக்காதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. போன மாசம் எனக்கு ஏறுச்சு. அனுபவத்துல சொல்றேன், பெருசா ஒரு வித்தியாசமும் தெரியல. உங்களுக்கு அந்த ஏமாற்றம் வரக்கூடாதுன்னு பாக்குறேன்."

நோலீன் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். பல் பிடுங்கினாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் துப்புவோம்.

இரண்டாவதாகச் சிந்திக்க வேண்டியது, வெளியில் இதே வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது. இதை ஆராய மெல்பர்னிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் கடற்கரை விடுதியில் தங்கி, எங்கள் ஊர்ச் சிப்பியை ஆசை தீரச் சாப்பிட்டு, ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்: டன்வாராவின் தண்ணீர்ப் புகாரை உலகத்தில் வேறு யாரும் கேட்பதில்லை, ஆகவே ஒப்பிட ஆள் இல்லை, ஒப்பிட ஆள் இல்லாத வேலைக்குச் சந்தையில் விலையும் இல்லை. விலையே இல்லாத வேலைக்கு இப்போதே நிறையக் கொடுத்துவருவதாகவும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

மூன்றாவது, பயிற்சி. அது இல்லாமல் யாரும் வாயைத் திறந்து தொகை சொல்லக்கூடாது. சிட்னியிலிருந்து கீரன் என்ற இளைஞன் வந்தான். அவன் பல்லின் வெண்மை எங்கள் வாரியத் தண்ணீரில் வந்ததல்ல. ஆளுக்கொரு நீலக் கையேடு கொடுத்துவிட்டு ஆரம்பித்தான்.

"உங்க தேவையப் பத்திப் பேசவே கூடாது. வாடகை, பல்லு கட்டுறது, நாய், எதுவும் வேணாம். முதலாளிக்கு அதுல அக்கறை இல்ல."

"டெஸ்ஸுக்கு அக்கறை உண்டு," என்றாள் நோலீன். "பட்டனுக்கு எலும்பெல்லாம் குடுத்துவிடுவார்."

"எலும்பு வேற, சம்பளம் வேற. உங்க மதிப்பப் பேசணும். எங்க, ஒவ்வொருத்தரா உங்களப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க பாப்போம்."

எல்லோரும் கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தோம். நாங்கள் தன்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்கிற சாதி இல்லை. எங்கள் ஊரில் ஒருவன் கடலில் விழுந்த குழந்தையைத் தூக்கிவந்தால், "அந்தப் பக்கமா நீந்திக்கிட்டிருந்தேன்," என்பான். வேறு மாதிரிச் சொன்னால் சாகும்வரை அவனை விடமாட்டோம். குழாய்ப் பிரிவில் ஆறடி உயரத்தில் ஒரு பையன். அவன்தான் தைரியமாக எழுந்து, "என் வேலை மோசம்னு யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல," என்றான். காது வரைக்கும் சிவந்துபோய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவன் பெயர் மகாராஜா.

நோலீன் முறை வந்தது. "நான்... போன் எடுப்பேன்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "பெரும்பாலும்," என்று சேர்த்துக்கொண்டாள்.

கீரன் தலையைப் பிடித்துக்கொண்டான். தேவையைச் சொல்லக்கூடாது, மதிப்பைச் சொல்ல வரவில்லை. மிஞ்சியது ஒன்றுதான் என்று கடைசி வித்தையைக் கற்றுக்கொடுத்தான். "தொகையச் சொல்லுங்க. சொல்லிட்டு வாய மூடிக்கங்க. வானமே இடிஞ்சு விழுந்தாலும் பேசாதீங்க. முதல்ல யார் பேசுறாங்களோ அவங்க தோத்தாங்க."

இது நோலீனுக்குப் பிடித்திருந்தது. பேசாமல் இருப்பது அவளால் முடியும், தொழிலே அதுதான். தேநீர் அறையில் வைத்துப் பழகினோம். நான் டெஸ்ஸாக நின்றேன், அவள் தொகையைச் சொல்லிவிட்டு உதட்டை மடித்துக்கொண்டாள். இரண்டு முறையும் நான்தான் தோற்றேன்.

அந்தத் தேநீர் அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒருவருடைய சொந்தக் கோப்பை. அடுத்தவர் கோப்பையில் குடிப்பதும் அடுத்தவர் பல் பிரஷ்ஷைத் தொடுவதும் எங்களுக்கு ஒன்றுதான். ஓர் ஆள் வேலையை விடுவதாக இருந்தால் முதலில் கோப்பையை எடுத்துக்கொண்டு போவான். கொக்கி காலியாக இருக்கிறது என்றால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். கடிதமெல்லாம் பிறகு சாவகாசமாக வரும். டெஸ்ஸின் கோப்பையில் கால்பந்துக் குழுவின் சின்னம். நோலீனுடையதில் வொம்பாட் என்கிற எங்கள் நாட்டு விலங்கின் படம். அதன் பிடியில் ரொம்ப நாளாக ஒரு விரிசல்.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கேன்," என்பேன்.

"இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்பாள்.

நேர்காணல் நாள் வந்தது. விண்ணப்பிக்கிறவர் துணைக்கு ஓர் ஆளை அழைத்துவரலாம் என்று விதி. நான் போனேன். துணைக்கு வருகிறவர் உட்காரலாம், தலையாட்டலாம், தேவைப்பட்டால் கைக்குட்டை நீட்டலாம். பேசக்கூடாது. என் வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு பொருத்தமான பதவி கிடைத்ததே இல்லை.

டெஸ் மாடி அறைக்குள் வந்ததும் வழக்கம்போல் மூலையில் இருந்த கெட்டிலின் சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பிலிப்பா.

"சொல்லும்மா நோலீன்," என்றார் டெஸ்.

"நான் செய்யுற வேலைக்கு வாரத்துக்கு நாப்பது டாலர் கூட வேணும்," என்றாள் நோலீன்.  ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். உதட்டை மடித்துக்கொண்டாள்.

டெஸ் பதில் சொல்லவில்லை. பிலிப்பாவைப் பார்த்தார். பிலிப்பா புன்னகைத்தார், அவரும் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் கைக்கடியில் இருந்ததைப் பார்த்தேன். அதே நீலக் கையேடு. அந்தக் கீரன் எங்களுக்கு மதியம் சொல்லிக்கொடுத்ததைக் காலையிலேயே மேல்மாடிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இரண்டு தடவையும் தனித்தனியாகக் கட்டணம் வாங்கியிருக்கிறான். எங்கள் வாரியத்தில் கேட்டதைக் கேட்டபடி வாங்கிக்கொண்டு போனவன் அவன் ஒருவன்தான்.

நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே மாடிக் கைப்பிடியில் ஒரு மேக்பை பறவை வந்து உட்கார்ந்து, எங்களை இந்தக் கண்ணால் ஒருமுறை அந்தக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது. டெஸ்ஸின் வயிறு கடகடவென்றது. அது பேச்சில் சேருமா என்று நான் பிலிப்பாவைப் பார்த்தேன். அவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். டெஸ்ஸின் நெற்றி வியர்த்தது. கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். வாய் ஒருமுறை திறந்தது, பிலிப்பா முழங்கையால் இடித்ததும் மூடிக்கொண்டது. நோலீன் அசையவில்லை. ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போது கெட்டில் கொதித்து, 'டிக்' என்று அணைந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் கெட்டில் கொதித்த பிறகு பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேட்காமல் இருப்பவன் மனிதனே இல்லை. மீட்டர் பிரிவில் அப்படி ஒருவன் இருந்தான், தனக்கு மட்டும் போட்டுக் குடிப்பான். நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அவன் விடைபெற்ற நாளில் கேக் வாங்க ஒருத்தரும் காசு போடவில்லை. நோலீன் கெட்டிலைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். கையை இறுக்கிக்கொண்டாள். கண்ணை மூடிப் பார்த்தாள்.

"கெட்டில் கொதிச்சிருச்சு," என்றாள். "யாருக்காவது டீ வேணுமா?"

"அப்பாடா!" என்றார் டெஸ். "பால் கொஞ்சமா, சக்கரை ஒண்ணு!"

"அவங்கதான் முதல்ல பேசினாங்க," என்றார் பிலிப்பா.

டெஸ்ஸின் முகம் உண்மையிலேயே தொங்கிப்போனது. "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு நோலீன். ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல? நமக்காக நாமே ஏத்துக்கிட்டது."

பிலிப்பா குறிப்பு எழுதினார். எழுதியதை எல்லோருக்கும் வாசித்தும் காட்டினார்: 'விண்ணப்பதாரர் தமது கோரிக்கையைத் தேநீராக மாற்றிக்கொண்டார். கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது.' வாரியத்தின் வரலாற்றில் அன்றே கேட்டு அன்றே ஏற்கப்பட்ட முதல் கோரிக்கை என்று பாராட்டு வேறு.

நோலீன் கீழே போய் அவரவர் கோப்பையை எடுத்துவந்து, அவரவருக்குப் பிடித்தபடி போட்டுக் கொடுத்தாள். கடைசியில் தன் கோப்பையைத் தூக்கினாள். பிடி கையோடு வந்துவிட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கு விதி ஞாபகம் வந்து கைக்குட்டையை நீட்டினேன். அவள் கண்ணைத் துடைக்கவில்லை. கோப்பையையும் பிடியையும் அதில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் என் வண்டியில்தான் வீட்டுக்குப் போனாள். வழி முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"டப்போல ஆறு ஒண்ணு இருக்குல்ல?" என்றாள் ஒரு தரம்.

"இருக்கு."

"பட்டனுக்கு ஆறு பிடிக்குமான்னு தெரியல." அப்புறம் ஞாபகம் வந்தவள்போல, "அதான் அவன் வரமாட்டானே," என்றாள்.

நாங்கள் கிளம்பிய பிறகு அலுவலகத்தில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எங்கோ பம்ப் ஒன்று மக்கர் செய்து, ஊரில் பாதிக்குத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. புகார்த் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லாமல் டெஸ்ஸே எடுத்தார். சிப்பிக் கொட்டகைக்கார அம்மா.

"உங்க உணர்வ நாங்க முழுசா—"

"யாருய்யா நீ?"

"நான் பொது மேலாளர்ம்மா."

"மேலாளரா இரு, எவனா வேணா இரு. நோலீனக் கூப்பிடு! அவ சொன்னா எனக்குப் புரியும். நீ சொன்னா எரியுது!"

நோலீன் எங்கே என்று டெஸ் கேட்டார். தேநீர் அறைப் பக்கமிருந்து மகாராஜாவின் குரல் வந்தது: "டெஸ், நோலீன் கொக்கி காலியா இருக்கு. வொம்பாட்டக் காணோம்."

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் நோலீனின் சமையலறையில் பசைக் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உடைந்த பிடியைக் கோப்பையோடு சேர்த்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். மேலே சுற்றுவதற்காக ஒரு ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்திருந்தாள். கொஞ்சம் அசைந்தாலும் பிடி கோணிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வலைக்கதவு கிரீச்சென்றது. டெஸ் நின்றார், கையில் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய லாமிங்டன் கேக் பொட்டலம். பின்னால் பிலிப்பா. பட்டன் ஒருமுறை குரைத்துவிட்டு, எலும்புக்காரர் என்று தெரிந்ததும் வாலை ஆட்டியது.

"நோலீன், கொஞ்சம் பேசலாமா?"

நோலீன் நிமிர்ந்து பார்த்தாள். பேசவில்லை. எப்படிப் பேசுவாள், வாயில் ரப்பர் வளையம். ஆனால் கோப்பை இருந்தது மேசைக்கடியில், அவள் மடியில். வளையமும் உதட்டுக்குள் மறைந்திருந்தது. வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கல்லாகச் சமைந்த ஒரு முகம்தான் தெரிந்திருக்கும்.

டெஸ் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். "நீ நாப்பது கேட்ட. எங்களுக்கு நாப்பது ஒரு தொகையே இல்ல. அந்தச் சிட்னிப் பையனோட மத்தியானச் சாப்பாட்டுக்கே அதவிடக் கூட ஆச்சு. பணம் பிரச்சினை இல்லம்மா. நீ கேட்டதுதான் பிரச்சினை. கேட்டவங்களுக்குக் குடுத்துட்டா, கேட்டாக் கிடைக்கும்னு ஆயிரும் பாரு. அப்புறம் கேக்காதவங்க என்ன நினைப்பாங்க?"

நோலீன் பேசவில்லை. பசை இன்னும் காயவில்லை.

"சரி, நாப்பதே வச்சுக்க."

பேசவில்லை.

"டெஸ், நிறுத்துங்க," என்று பிலிப்பா காதருகில் சொன்னது எனக்கே கேட்டது. "கையேட்ட நினைச்சுப் பாருங்க!"

"கையேடு வந்து போன் எடுக்குமா?" என்றார் டெஸ். "அம்பது, நோலீன். எழுதியே குடுத்துர்றேன். இந்தச் சிப்பிக்கார அம்மாவ என்னால தாங்க முடியாது. அறுபது! அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல. தாயே, ஏதாவது சொல்லு!"

நோலீன் மடியைக் குனிந்து பார்த்தாள். பல்லிலிருந்து வளையத்தை எடுத்து நிதானமாகச் சுற்றினாள். மெதுவாகக் கையை விட்டாள்.

"ஒட்டிக்கிச்சு," என்றாள்.

டெஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்து, "நாளைக்கு உன் கப்பக் கொண்டுவந்து கொக்கியில மாட்டிரும்மா," என்றார். நோலீனுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. நல்ல மனசுக்காரி, உள்ளதைச் சொல்லிவிடத் துடித்தாள். "இல்ல டெஸ், நான் எங்கயும் போகல, அந்தக் கப்பு—" என்று ஆரம்பித்தாள். நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். துணைக்கு வந்தவர் காலை மிதிக்கக்கூடாது என்று விதியில் எங்கும் எழுதவில்லை.

"டீ போடவா?" என்று முடித்தாள்.

எல்லோரும் லாமிங்டன் சாப்பிட்டோம். பட்டனுக்கும் ஒன்று கிடைத்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரியே மகாராஜாவிடம் மட்டும் சொன்னேன், அதுவும் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான்.

மறுநாள் காலை நோலீன் ஒட்டிய கோப்பையைக் கொண்டுவந்து தன் கொக்கியில் மாட்டினாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் வொம்பாட்டும் டெஸ்ஸின் கால்பந்துக் கோப்பையும் தவிர வேறு ஒன்றும் தொங்கவில்லை. என்னுடையது என் வண்டியின் பின்சீட்டில் ஒரு துண்டில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.